வகாஷியும் க்ரீன் டீயும்: கை தவறும் இடங்கள்

வகாஷி செய்முறையைப் பார்த்ததும் பலருடைய கை முதலில் போவது சர்க்கரை அளவைப் பாதியாக்கத்தான். ஜப்பானின் இந்த மரபு இனிப்புகளில் பல அந்த ஒரு மாற்றத்திலேயே கெட்டுவிடுகின்றன. சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைத்து, அரிசி மாவு விறைத்துப் போவதைத் தள்ளிப்போடுகிறது. பயறு விழுதுக்குப் பளபளப்பையும் ஆயுளையும் கொடுப்பதும் அதுதான். கால் பங்கு குறைத்தால் தாங்கும். பாதியாக்கினால் பசையரிசி மாவில் செய்யும் மோச்சி சீக்கிரமே கட்டையாகும், விழுது இரண்டாம் நாளே புளிக்கப் பார்க்கும். தித்திப்பு மிஞ்சுகிறது என்றால் துண்டைச் சிறிதாக்கிப் பக்கத்துக் கோப்பையைச் சரிசெய்யுங்கள். பக்கத்தில் கசப்பான தேநீர் இருக்கும் என்று நம்பித்தான் அந்த அளவே வைக்கப்பட்டிருக்கிறது.

அங்கோ எனும் பயறு விழுதில் அவசரம் ஆகாது. 250 கிராம் அட்சுகி எனும் சிறு சிவப்புப் பயறுக்கு 200 முதல் 250 கிராம் சர்க்கரை. இந்தப் பயறை இரவெல்லாம் ஊறவைக்கத் தேவையில்லை. கழுவி, நிறைய நீரில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு, சிவந்த நீரைக் கொட்டிவிடுங்கள். துவர்ப்பு அதோடு போய்விடும். இதைத் தவிர்த்தால் தொண்டையில் ஒரு கரகரப்பு நிற்கும். எவ்வளவு இனிப்புப் போட்டாலும் அது மறையாது. புது நீர் ஊற்றி, பயறு எப்போதும் மூழ்கியிருக்கும்படி சிறுதீயில் 60 முதல் 90 நிமிடம். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். அதுவரை சர்க்கரையைத் தொடாதீர்கள். சர்க்கரை உள்ளே போனதும் பயறிலிருந்து நீர் வெளியேறும், தோல் இறுகிவிடும். அதன்பின் எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் குழையாது. மூன்று தவணையாகச் சேர்த்து, கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு.

கரண்டியால் அடிப்பாகத்தில் கோடு இழுத்தால் அது ஒரு கணம் மூடாமல் நிற்கும்போதே இறக்குங்கள். ஆறும்போது மேலும் கெட்டியாகும். அடுப்பிலேயே உருட்டும் பதம் வரட்டும் என்று காத்திருந்தால் மறுநாள் கல்தான்.

அரிசி மாவு என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. ஷிராதமாகோ, மோச்சிகோ இரண்டும் பசையரிசி. ஜோஷின்கோ சாதாரண அரிசி. நம் கொழுக்கட்டை மாவு ஜோஷின்கோவின் உறவு. அதில் டைஃபுகு (உள்ளே அங்கோ வைத்த மோச்சி உருண்டை) செய்தால் தோல் இழுபடாது, வெடிக்கும். எட்டு டைஃபுகுவுக்கு 100 கிராம் ஷிராதமாகோ, 50 கிராம் சர்க்கரை, 120 மில்லி நீர். குருணையாக இருக்கும் மாவில் நீரைச் சிறிது சிறிதாக விட்டு நசுக்கிக் கரைத்த பிறகே சர்க்கரை. 600 வாட் மைக்ரோவேவில் 2 நிமிடம் வைத்துக் கிளறி, மறுபடி 1 நிமிடம். மாவின் வெண்மை போய்க் கண்ணாடி போல ஆகாவிட்டால் இன்னும் அரை நிமிடம். தலா 25 கிராம் அங்கோ உருண்டைகள் முன்பே தயாராக இருக்கட்டும். மாவு சூடாக இருக்கும்போதுதான் விளிம்புகள் ஒட்டும். மேலே தூவும் மாவு உட்புறம் பட்டாலும் ஒட்டாது.

செய்து முடித்ததை பிரிட்ஜில் வைப்பது அடுத்த தவறு. வெந்த மாவு மிக வேகமாக விறைப்பது அந்தக் குளிரில்தான். அன்றே சாப்பிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள்.

அங்கோவை உறையவைத்துச் செய்யும் மென்மையான மிசு யோகானில் 500 மில்லி நீருக்கு 4 கிராம் காந்தென் (கடற்பாசி அகர்) பொடி. இது ஜெலட்டின் போலச் சூட்டிலேயே கரைந்துவிடாது. 2 நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும். அங்கோ கலந்ததும் சுடச்சுட அச்சில் ஊற்றினால் பயறு அடியில் படிந்து இரண்டு அடுக்காகப் பிரியும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்திக் கிளறி, சுமார் 45 டிகிரிக்கு வந்ததும் ஊற்றுங்கள்.

இனி கோப்பை. கொதிக்கும் நீரை சென்சா எனும் அன்றாட க்ரீன் டீ இலையில் ஊற்றிவிட்டு, க்ரீன் டீ கசக்கிறது என்பார்கள். சூடு ஏறஏறத் துவர்ப்புத் தரும் கேட்டச்சின் அதிகம் இறங்கும். சுவை தரும் தியானின் குறைந்த சூட்டிலேயே இறங்கிவிடும். இருவருக்கு 5 கிராம் இலை, 170 மில்லி நீர், 70 முதல் 80 டிகிரி, 1 நிமிடம். வெப்பமானி வேண்டாம், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். கடைசிச் சொட்டுவரை வடியுங்கள், தேங்கிய நீர் இரண்டாம் ஊற்றலைக் கெடுக்கும். நிழலில் வளர்த்த கியோகுரோ இலைக்கு 50 முதல் 60 டிகிரி போதும். ஹோஜிச்சா வறுத்த இலை, கொதிநீரே சரி.

பொடியாக அரைத்த க்ரீன் டீயான மட்சா என்றால் 2 கிராம் பொடியைச் சலித்து, 80 டிகிரியில் 70 மில்லி நீர். சலிக்காமல் எவ்வளவு அடித்தாலும் கட்டி உடையாது. சாசென் எனும் மூங்கில் மத்தை வட்டமாகச் சுழற்றாமல், மணிக்கட்டால் முன்னும் பின்னும் வேகமாக அடிக்க வேண்டும். தேநீர்ச் சடங்கில் இனிப்பை முழுதும் தின்ற பின்பே கிண்ணம் வரும். நாவில் தித்திப்பு இருக்கும்போது மட்சாவின் கசப்பு உறுத்தாது. இந்த வரிசையை மாற்றிவிட்டுத்தான் பலர் தேநீரில் சர்க்கரை கேட்கிறார்கள்.

வெள்ளைப் பயறு விழுதில் உருவம் பிடிக்கும் நெரிகிரிக்கு மட்சா, மிசு யோகானுக்கு சென்சா. சோயா சாஸ் பாகு ஊற்றிய அரிசி மாவு உருண்டையான மிதராஷி டாங்கோவுக்கும், இரண்டு அப்பங்களுக்கு நடுவே அங்கோ வைத்த டோராயாகிக்கும் ஹோஜிச்சா. அவற்றின் கருகல் வாசனை வறுத்த இலையோடு சேரும், கியோகுரோவை அமுக்கிவிடும். மட்சா கலந்த இனிப்புக்கு மட்சாவே வைப்பது வீண். இரண்டில் ஒன்றின் மணம் நாவுக்கே எட்டாது.

மட்சா டப்பாவைக் குளிரில் வைப்பது சரிதான். ஆனால் வெளியே எடுத்த உடன் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வருமுன் திறந்தால் காற்றின் ஈரம் பொடியில் படிந்துவிடும்.