வெயில் நாளில் சின்னக் குழந்தைக்குச் சாப்பாடு: ஒன்பது மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுங்கள்

வெயில் ஏறினால் பசி இறங்கும். பெரியவர்களுக்கும் அப்படித்தான், ஆனால் நாம் பழக்கத்துக்காக உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டுவிடுவோம். ஒன்றிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மதியம் ஒரு மணிக்குச் சூடான தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்பதில் இருவருக்கும் அழுகைதான் மிஞ்சும். மாற்ற வேண்டியது முதலில் கடிகாரம், பிறகுதான் சமையல் குறிப்பு.

பிள்ளைக்கு நன்றாகப் பசிக்கும் நேரம் காலை ஏழு முதல் எட்டரை வரை. அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட வேண்டிய வேளை அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருப்பு, பயறு, பனீர் அல்லது டோஃபு போன்ற கனமான புரதம் எல்லாம் காலையிலேயே போகட்டும். மதியத்துக்கு நீர்ச்சத்துள்ள குளிர்ந்த சாப்பாடு போதும். நாலு மணிக்கு ஒரு சிற்றுண்டி, பொழுது சாய்ந்து ஏழு மணி வாக்கில் இரவுச் சாப்பாடு. அடுப்பில் செய்ய வேண்டிய வேலை அத்தனையும் காலை ஒன்பதுக்குள் முடிந்துவிட வேண்டும். சமையலறைச் சூடு வீட்டுக்குள் பரவாமல் இருக்கும் என்பது ஒரு லாபம். மதியம் பிள்ளை சிணுங்கும்போது வெட்டிக் கலந்து கொடுத்தால் போதும், கொதிக்க வைத்துக் காத்திருக்க வேண்டாம் என்பது அதைவிடப் பெரிய லாபம்.

தண்ணீர்

இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.3 லிட்டர், நாலு முதல் எட்டு வயதுக்குச் சுமார் 1.6 லிட்டர் நீர் வேண்டும். பால், பழம், சாப்பாட்டில் இருக்கும் நீரும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்; ஓடி விளையாடும் நாளில், வெயில் கடுமையான நாளில் இன்னும் கூடும். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகள் தாகத்தைக் கவனிக்க மாட்டார்கள். கேட்கும்வரை காத்திருக்காமல், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சின்ன டம்ளரில் எப்போதும் தண்ணீர் வைத்திருங்கள். பெரிய பாட்டிலைவிட 100 மில்லி டம்ளர் வேகமாகக் காலியாகும்.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு நிறையக் குடித்தால் வயிறு தண்ணீரிலேயே நிறைந்துவிடும். எனவே குடிக்கக் கொடுப்பதை இரண்டு வேளைக்கும் நடுவில் வையுங்கள். பழச்சாறு மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லியைத் தாண்ட வேண்டாம். சாறாகப் பிழிவதைவிடப் பழமாகவே கொடுப்பது மேல். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு எவ்வளவு வெயிலானாலும் தண்ணீர் தேவையில்லை, பாலை அடிக்கடி கொடுத்தால் போதும்.

வெயில் காலத்தில் பாலில் ஒரு வம்பு உண்டு. சாப்பாடு இறங்கவில்லையே என்று காலையில் ஒரு டம்ளர், மதியம் மில்க்‌ஷேக், இரவில் இன்னொரு டம்ளர் என்று கொடுத்துக்கொண்டே போவோம். பாலில் இரும்புச்சத்து அநேகமாக இல்லை, மற்ற உணவிலிருந்து இரும்பு உடலில் சேர்வதையும் பால் குறைக்கும், வயிற்றையும் அடைத்துவிடும். இறைச்சி சாப்பிடாத பிள்ளைக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் இரத்தசோகையில் போய் முடியலாம். நாளுக்கு 500 மில்லி அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று நாளைக்குக் கைகொடுக்கும் கொண்டைக்கடலை

அடுப்பை ஒரு முறை மூட்டி மூன்று நாள் ஓட்ட வேண்டுமென்றால் கொண்டைக்கடலைக்கு நிகர் எதுவும் இல்லை. ஒரு கப் (200 கிராம்) கடலையை நாலு கப் தண்ணீரில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவையுங்கள். சூடான சமையலறையில் இரவு முழுக்க வெளியே வைத்தால் காலையில் நுரை கட்டி, புளித்த வாடை வரும். அதைக் கழுவிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜுக்குள் ஊறவைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஊற இரண்டு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஊறிய தண்ணீரை வடித்து, புதுத் தண்ணீர் கடலைக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றி, அரை டீஸ்பூன் உப்பும் இரண்டு பல் பூண்டும் போட்டுக் குக்கரில் வையுங்கள். பிரஷர் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம். விசில் கணக்கை நம்ப வேண்டாம், அது ஒவ்வொரு குக்கருக்கும் மாறும். திறந்ததும் ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்திப் பாருங்கள். தோலோடு சேர்ந்து வெண்ணெய் மாதிரி நசுங்க வேண்டும். இரண்டாகப் பிளந்து வழுக்கினால் பெரியவர்களுக்குப் பரவாயில்லை, பிள்ளைக்கு ஆகாது. இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். எவ்வளவு நேரம் வெந்தாலும் மசியவில்லை என்றால் கடலை பழசாக இருக்கும், அல்லது தண்ணீர் கடினமாக இருக்கும். அடுத்த முறை ஊறவைக்கும்போது கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்துப் பாருங்கள். வேகும் முன்பே தக்காளியோ புளியோ போட்டாலும் இதே கதிதான். புளிப்பு பட்டால் தோல் இறுகிவிடும்.

இதிலிருந்து முதலில் ஒரு மசியல். இரண்டு டேபிள்ஸ்பூன் வெள்ளை எள்ளை இளஞ்சூட்டில், நிறம் மாறத் தொடங்கியதுமே இறக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயோடு மிக்ஸியில் தனியாக அரையுங்கள். அது கூழானதும் ஒன்றரை கப் சூடான கடலை, வெந்த பூண்டு, கடலை வெந்த தண்ணீர் நாலு டேபிள்ஸ்பூன் சேர்த்து மையாக அரைத்து, கடைசியில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலக்கவும். கசந்தால் எள் கருகியிருக்கிறது. மணல்போல நறநறத்தால் கடலை ஆறியபிறகு அரைத்திருப்பீர்கள். ஃபிரிட்ஜில் இறுகிப்போவது இயல்பு. ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் குழைத்தால் சரியாகிவிடும். எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை. அதிலுள்ள வைட்டமின் சி, கடலையின் இரும்புச்சத்து உடலில் சேர உதவுகிறது. எள் சில குழந்தைகளுக்கு ஒவ்வாது, முதல் தடவை கால் ஸ்பூன் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

இந்த மசியலை ரொட்டியில் தடவலாம், வெள்ளரித் துண்டைத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கலாம், ஆறிய பாஸ்தாவில் பிசறலாம். மிச்சமிருக்கும் வெந்த கடலையை ஒரு வேகவைத்த உருளைக்கிழங்கு, துருவிய கேரட், இரண்டு டேபிள்ஸ்பூன் அரிசி மாவோடு பிசைந்து தட்டையாகத் தட்டித் தோசைக்கல்லில் சுட்டால் மறுநாள் காலைக்கு ஆயிற்று. உதிர்ந்தால் உருளைக்கிழங்கில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்: தோலோடு முழுசாக வேகவைத்து, நன்றாக ஆறவிட்ட பிறகு மசியுங்கள்.

சிவப்பு ராஜ்மாவை இதே முறையில் செய்யலாம், ஒரு எச்சரிக்கையோடு. வேகாத ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டும் நஞ்சு ஒன்று உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். குக்கரில் பயமில்லை. ஆனால் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் நேராகப் போடக்கூடாது, அந்தச் சூடு போதாது.

மதியத் தட்டு

மதியம் தட்டில் மூன்று பொருள் இருந்தால் போதும்: மாவுச்சத்து ஒன்று, தயிரோ கடலையோ ஒன்று, நீர் நிறைந்த காயோ பழமோ ஒன்று. ஒவ்வொன்றும் பிள்ளையின் வயதுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் என்ற கணக்கில் வையுங்கள். மூன்று வயதென்றால் மூன்று ஸ்பூன். குறைவாகத் தெரியும். தீர்த்துவிட்டு "இன்னும்" என்று கேட்கட்டும். குவித்து வைத்த தட்டைப் பார்த்தே பாதிப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வெள்ளரியைத் தயிரில் கலந்தால் பத்து நிமிடத்தில் தண்ணீராக ஓடும். உப்புதான் காயிலிருந்து நீரை இழுக்கிறது. துருவி, கையால் பிழிந்து, தயிரில் கலந்து, உப்பைப் பரிமாறும்போது போடுங்கள். பிழிந்த நீரைக் கொட்டாமல் குடிக்கக் கொடுக்கலாம். காம்புப் பக்கத்தில் கசப்பு இருக்கும், அங்கே ஒரு துண்டு நறுக்கி நீங்கள் முதலில் கடித்துப் பாருங்கள். ஒரு தடவை கசந்தால் அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் வெள்ளரியைத் தொடாது.

நறுக்கும் விதத்தில் சோம்பல் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும்; குறுக்கே வெட்டிய வட்டத் துண்டு சின்னத் தொண்டையை அப்படியே அடைத்துக்கொள்ளும். செர்ரித் தக்காளிக்கும் இதே விதி. பச்சைக் கேரட்டைத் துருவியோ வேகவைத்தோ கொடுங்கள். தர்ப்பூசணியில் விதையை எடுத்துவிடுங்கள். முழு முந்திரி, பாதாம், வேர்க்கடலை, பாப்கார்ன் ஐந்து வயது வரை வேண்டாம். பொடித்தோ அரைத்துத் தடவியோ கொடுக்கலாம். வெந்த கடலையைக்கூட இரண்டு வயதுக்காரருக்கு விரலால் நசுக்கிவிட்டே வையுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிடுவதை மட்டும் எந்தச் சமாதானத்துக்கும் அனுமதிக்க வேண்டாம்.

கெட்டுப்போவது மூக்குக்குத் தெரியாது

சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரம் வைக்கலாம்; அறைச் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம். மிகவும் ஏமாற்றுவது சோறும் பாஸ்தாவும். அரிசியில் ஒட்டியிருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது, வாடையும் வராது. "சுடவைத்துவிட்டேனே" என்பது இங்கே செல்லாது.

மிச்சச் சோற்றை அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் ஏற்றி, மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தோடு அப்படியே உள்ளே வைத்தால் ஓரம் குளிர்ந்திருக்கும், நடுவில் மணிக்கணக்கில் சூடு நிற்கும். ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கதவை நிமிடத்துக்கொரு தரம் திறக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் பாலைக் கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள்.

தயிர் ஐஸ்

நன்றாகப் பழுத்து, தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் இரண்டு, கெட்டித் தயிர் ஒரு கப், இனிப்பான வேறு பழத்தின் கூழ் அரை கப். இனிப்பு போதவில்லை என்றால் ஊறிய பேரீச்சை நாலு. எல்லாவற்றையும் அரைத்துவிட்டு ருசி பாருங்கள். உறைந்தபின் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும் என்பதால், இப்போது கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் சரி. அச்சில் மேலே அரை சென்டிமீட்டர் விட்டு ஊற்றுங்கள், உறையும்போது கலவை உப்பி மேலே வரும். ஆறு மணி நேரம் ஃப்ரீசரில். எடுக்கும்போது குச்சியை இழுக்காமல், அச்சைக் குழாய் நீரில் பத்து விநாடி பிடித்தால் வழுக்கி வந்துவிடும்.

பாறைபோல இறுகினால் தண்ணீர் கூடிவிட்டது: நீர்த்த தயிரைத் துணியில் அரை மணி நேரம் வடித்துவிட்டுச் செய்யுங்கள். வாழைப்பழம் பிடிக்காது என்று அதை நீக்கினாலும் இறுகும், மென்மை தருவதே அதுதான். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், ஒரு நிமிடம் பொறுத்துக் கொடுங்கள். நாள் முழுக்க நக்கிக்கொண்டிருக்க விடாமல் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் பல்லுக்கு நல்லது. தேன் சேர்ப்பதாக இருந்தால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் துளிகூடக் கூடாது.

"வேண்டாம்" என்றால்

என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு, சாப்பிடுவதா இல்லையா என்பது பிள்ளையின் பொறுப்பு. இந்த எல்லையைத் தாண்டி ஊட்டிவிடத் தொடங்கினால் மூன்று வாய் அதிகம் போகும், அடுத்த வேளைக்குப் பிடிவாதம் இரட்டிப்பாகும். இருபது நிமிடம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டும் வேண்டாம் கெஞ்சலும் வேண்டாம். அதற்குப் பதிலாக பிஸ்கட் மட்டும் கொடுக்காதீர்கள். புதிய காயைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்தபிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். மூன்றாம் தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று எழுதிவிடுகிறோம்.

தொட்டு வேலை செய்ததைத் தின்றுபார்க்கத் தோன்றும். இரண்டு வயதில் கீரை ஆய்வது, மூன்று வயதில் வாழைப்பழம் மசிப்பது, ஐந்து வயதில் மொட்டைக் கத்தியால் வெள்ளரி நறுக்குவது. தரை நாசமாகத்தான் செய்யும்.

தண்ணீரில் விளையாடிவிட்டு வந்த அரை மணி நேரம் பொன்னான நேரம். அப்போது பசி தானாக வரும், தட்டு தயாராக இருக்கட்டும். விளையாடிய தொட்டியை உடனே கவிழ்த்துவிடுங்கள். சில அங்குலத் தண்ணீரே சின்னக் குழந்தையை மூழ்கடித்துவிடும்.

வெளியே கொண்டுபோகும் டப்பாவுக்கு, முந்தின இரவே ஒரு சின்னப் பாட்டில் தண்ணீரை முக்கால் அளவு நிரப்பி ஃப்ரீசரில் வைத்தால் மறுநாள் அதுவே ஐஸ் கட்டி, உருகியதும் குடிநீர். ஃப்ளாஸ்க்கில் தயிர் எடுத்துப்போவதானால் முதலில் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு நிரப்புங்கள். இல்லாவிட்டால் ஃப்ளாஸ்க்கின் சூடே தயிரைப் புளிக்க வைக்கும்.

நீர் வற்றுகிறதா என்று பார்க்கச் சிறுநீரைப் பார்த்தால் போதும். வெளிர் மஞ்சளாக இருந்தால் கவலையில்லை, அடர்ந்திருந்தால் உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, துவண்டு தூங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். வயிற்றுப்போக்குக்குக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடிதான் முதல் தேர்வு. அது கைவசம் இல்லாத நேரத்துக்கு: ஒரு லிட்டர் சுத்தமான குடிநீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணளவில் போடாமல் ஸ்பூனைக் கத்தியால் வழித்துவிட்டே அளக்கவும். ஸ்பூன் ஸ்பூனாக, நிமிடத்துக்கு ஒன்று கொடுங்கள். மடக்கென்று குடித்தால் அப்படியே வாந்தியில் வந்துவிடும்.