சாஃப்ட் ப்ரூஃப் மானிட்டரை நம்பலாமா? கலர் சார்ட் வைத்துச் சோதிக்கும் முறை

"ஸ்கிரீன்ல பார்த்தப்ப இந்த மெரூன் இப்படி இல்லையே" என்று பார்ட்டி கேட்கும் நேரத்தில் பிளேட் போட்டு, தாளும் ஓடி முடிந்திருக்கும். கேலிபரேட் செய்த (கருவியால் அளந்து நிறம் சரிசெய்த) மானிட்டர்தானே என்பார் டிசைனர். பழி மெஷின்மேன் தலையில் விழும். அச்சில் வரப்போகும் நிறத்தைத் திரையிலேயே பார்த்துக்கொள்வதுதான் சாஃப்ட் ப்ரூஃப்; அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சோதிப்பதுதான் இங்கே வேலை.

கேலிபரேஷன் முடிந்ததும் வரும் பச்சை டிக்குக்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. மானிட்டர் தன்னுடைய ப்ரொஃபைலோடு (அது நிறம் காட்டும் விதத்தைப் பதிந்த கோப்பு) ஒத்துப்போகிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. தானே பரீட்சை எழுதித் தானே மார்க் போட்டுக்கொள்வது மாதிரி. ஆஃப்செட்டில் வரப்போகும் நிறம் திரையில் வருகிறதா என்று பார்க்க, அச்சின் நிறக் கட்டங்களையே (கலர் சார்ட்) திரைக்கு அனுப்பி அளக்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்

அடோபி ஆர்ஜிபி (சாதாரண மானிட்டரைவிட அகலமான நிற வரம்பு) அளவுக்கு நிறம் காட்டும் ஐபிஎஸ் மானிட்டர், ஒரு கலரிமீட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி), டிஸ்ப்ளேகால் மென்பொருள் (இலவசம்தான்). ஈசிஐ என்ற ஐரோப்பிய நிற அமைப்பின் தளத்தில் ஐஎஸ்ஓ கோட்டட் வி2 ப்ரொஃபைலும் இலவசமாகக் கிடைக்கும். ஆர்ட் பேப்பரில் ஓடும் ஆஃப்செட் வேலைக்கான ஃபோக்ரா39 (ஃபோக்ரா என்பது ஜெர்மன் அச்சு ஆய்வு நிறுவனம்) அளவீட்டிலிருந்து செய்தது அது. இவற்றோடு, ப்ரூஃப் எடுக்கும் இடத்தில் சொல்லி, ஃபோக்ரா மீடியா வெட்ஜ் என்ற நிறக் கட்டங்கள் கொண்ட சோதனைப் பட்டையும் சேர்த்து அடித்த ஒரு ப்ரூஃப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அறையும் மானிட்டரும்

மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு சூடாக்குங்கள். நைட் லைட், ஆட்டோ பிரைட்னஸ் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ட்யூப்லைட் வெளிச்சம் திரையில் நேராக விழக்கூடாது. பின்னால் ஆரஞ்சுச் சுவர் இருந்தால் ஒரு சாம்பல் துணி போட்டு மறைத்துவிடுங்கள்.

படி 2: கேலிபரேஷன்

வெளிச்சம் 120 முதல் 160 கேண்டெலாவுக்குள், காமா (நடு நிறங்களின் வெளிச்ச ஏற்றம்) 2.2, வெள்ளை டி50 (சுமார் 5000 கெல்வின்). டி50 சில மானிட்டர்களில் மஞ்சளடித்துத் தெரியும். அப்படியானால் 5500, 5800 கெல்வின் என்று ஏற்றி, பக்கத்தில் விளக்கடியில் வைத்த தாளின் வெள்ளையோடு கண்ணால் பொருத்துங்கள். கலரிமீட்டருக்கான கரெக்‌ஷன் பட்டியலில் உங்கள் மானிட்டரின் பேக்லைட் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். இங்கே தப்பினால் வெள்ளை லேசாக இளஞ்சிவப்போ பச்சையோ அடிக்கும். ஆனால் ரிப்போர்ட் அப்போதும் பாஸ் என்றே வரும்! காரணம் படி 5-இல்.

படி 3: சார்ட்டை அமைப்பது

சார்ட் பெரிதாக இருந்தால்தான் சோதனை நல்லது என்று நினைக்க வேண்டாம். ஐடி8.7/4 சார்ட்டில் 1617 கட்டங்கள் உண்டு; அது ப்ரொஃபைல் செய்வதற்கான சார்ட். சோதனைக்கு மீடியா வெட்ஜ் வி3-இன் 72 கட்டங்களே போதும். நான்கு மைகளின் சாலிட் (முழு அடர்த்தி), இரண்டு மை மேலேறிய சிவப்பு, பச்சை, நீலம், அவற்றின் டின்ட் (வெளிர் அளவுகள்), சாம்பல் கட்டங்கள் எல்லாம் அதில் அடக்கம்.

டிஸ்ப்ளேகாலின் வெரிஃபிகேஷன் பக்கத்துக்குப் போய் அந்தச் சார்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து சிமுலேஷன் ப்ரொஃபைல் பெட்டியில் டிக் போட்டு ஐஎஸ்ஓ கோட்டட் வி2 கோப்பைக் கொடுங்கள். இந்த டிக் விட்டுப்போனால் சிஎம்ஒய்கே (நான்கு மைகளின் அளவு) எண்களுக்குப் பொருளே இல்லை. தாளின் வெள்ளையையும் சிமுலேட் செய்யச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கணக்கு மானிட்டரின் வெள்ளையை ஒட்டி இருக்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் 5800 கெல்வினில் வைத்த மானிட்டரில் எல்லாக் கட்டமும் நீலம் பக்கம் சாய்ந்ததாகக் காட்டி உங்களைப் பயமுறுத்தும்.

கலரிமீட்டரைத் திரையில் ஒட்டினாற்போல் தொங்கவிட்டு அளவை ஓடவிடுங்கள். சில நிமிட வேலை.

படி 4: ரிப்போர்ட்டைப் படிப்பது

ஆரம்பத்தில் எல்லோரும் சராசரி டெல்டா ஈ (வர வேண்டிய நிறத்துக்கும் அளந்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசம்) எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். எந்தக் கட்டம் தவறியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஃபோக்ரா39-இல் சயான் சாலிடின் லேப் மதிப்பு (நிறத்தை மூன்று எண்களால் சொல்லும் முறை) 55, -37, -50. எஸ்ஆர்ஜிபி (சாதாரண மானிட்டர்களின் நிற வரம்பு) வரம்புக்குள் இந்த நிறம் அடங்காது. சாதாரண ஆபீஸ் மானிட்டரில் சயானும் அதையொட்டிய டின்ட்டுகளும் மட்டும் எகிறி, மற்றவை ஒழுங்காக இருந்தால் அது மானிட்டரின் எல்லை. எத்தனை முறை கேலிபரேட் செய்தாலும் மாறாது. சாம்பல் கட்டங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் கேலிபரேஷனைத் திரும்பச் செய்யுங்கள். இருண்ட கட்டங்கள் மட்டும் தவறினால் திரையின் கருப்பு அவ்வளவு ஆழம் இல்லை, அல்லது அறை வெளிச்சம் உள்ளே புகுந்திருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் நகர்ந்திருந்தால் ப்ரொஃபைலை மாற்றிக் கொடுத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

டெல்டா ஈ 2000 கணக்கில் சராசரி 2-க்குள், தனிக் கட்டம் எதுவும் 5-ஐத் தாண்டாமல் இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். சாம்பலில் மட்டும் இன்னும் கறாராக இருப்பேன். தோல் நிறமும் வெள்ளிப் பாத்திரமும் கெடுவது அங்கேதான்.

படி 5: கண் சோதனை

ப்ரொஃபைல் செய்த அதே கலரிமீட்டர்தான் சோதனையையும் செய்தது. கருவியே பிசகினால் இரண்டும் சேர்ந்தே பிசகும், ரிப்போர்ட் அழகாக வரும். அதனால்தான் அடித்த ப்ரூஃப்.

ப்ரூஃபில் அடித்த அதே படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து, ப்ரூஃப் செட்டப்பில் ஐஎஸ்ஓ கோட்டட் வி2 கொடுத்து, பேப்பர் கலர் சிமுலேஷனை ஆன் செய்யுங்கள். படம் சட்டென்று மங்கும், பயப்பட வேண்டாம். முழுத்திரைக்கு மாற்றினால் சுற்றியுள்ள பளிச் வெள்ளை மறைந்து கண் பழகிவிடும். ப்ரூஃபைப் பக்கத்தில் டி50 விளக்கடியில் வையுங்கள். சுமார் 500 லக்ஸ் போதும். 2000 லக்ஸ் விளக்கானால் தாளுக்கு முன்னால் திரை தோற்றுவிடும். முதலில் தாளின் வெள்ளை, பிறகு சாம்பல் கட்டங்கள், கடைசியில் படம் என்ற வரிசையில் ஒப்பிடுங்கள். சாதாரண 6500 கெல்வின் எல்ஈடி பல்பின் கீழ் வைத்து ஒப்பிட்டால் இவ்வளவு வேலையும் வீண்.

மாதம் ஒருமுறை ஓட்டி, ரிப்போர்ட்டைத் தேதியோடு சேமித்து வையுங்கள். மேப்லித்தோ (கோட்டிங் இல்லாத) தாளுக்கு வேலை வந்தால் சார்ட் அதேதான். சிமுலேஷன் ப்ரொஃபைலை மட்டும் பிஎஸ்ஓ அன்கோட்டட் வி3 என்று மாற்றி, படி 3-லிருந்து திரும்ப ஓட்டுங்கள்.