ஃபர்னஸ் கூடை இப்போது உதிர்வதில்லை

ஓசூரில் எங்கள் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் (உலோகப் பாகங்களைச் சூடாக்கிப் பதப்படுத்தும் இடம்) பாகங்களைச் சுமந்து ஃபர்னஸுக்குள் போகும் கூடை முன்பு சாதாரண கார்பன் ஸ்டீல். 900 டிகிரியில் வைத்து எடுக்கும்போதெல்லாம் கருப்புச் செதில் அப்பளம் மாதிரி உரிந்து விழும், கம்பி மெலிந்து அடிப்பக்கம் தொய்ந்துவிடும். உருகுநிலை பார்த்தால் இன்கோனல் 600 என்ற நிக்கல் கலவை உலோகத்தைவிட கார்பன் ஸ்டீல்தான் கொஞ்சம் உசத்தி, ஆனால் என்ன செய்ய, 550 டிகிரி தாண்டினாலே அதன் துருப்படலம் நிற்காது, பலமும் போய்விடும். அதனால் இன்கோனல் 600-க்கே மாறினோம். 72 சதவீதத்துக்குக் குறையாமல் நிக்கல், கூடவே 15 சதவீத அளவில் குரோமியம். அந்தக் குரோமிய ஆக்சைடு மெல்லிசாக ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு அரிக்க விடாது. விலைதான் மலைக்க வைக்கிறது. வெல்டிங்குக்கும் நிக்கல் கலவை ராடுதான் போட வேண்டும், சாதாரண ராடு போட்டால் முதலில் அந்த ஜாயின்ட்தான் விடும். அப்புறம், வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள்: ஒட்டினால் இன்கோனல் 600 இல்லை, ஒட்டாவிட்டாலும் 304 ஸ்டெயின்லெஸாக இருக்கலாம், அதனால் டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள்.