இணைவதா, தனித்து நிற்பதா: வகுப்பறையில் விவாதம் நடத்தும் முறை

சின்ன நாடு ஒன்று பெரிய அரசியல் ஒன்றியத்தில் சேரலாமா என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். பத்தே நிமிடத்தில் ‘ஒன்றுபட்டால் உண்டு வாழ்வு’ வந்துவிடும், எதிரணி ‘தன் கையே தனக்குதவி’ என்று எழுந்து நிற்கும். கைதட்டல் விழும், மணியும் அடித்துவிடும். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. சேர்வதென்றால் எதையெதை ஒப்படைப்பது என்று தலைப்பில் இல்லையே.

அதனால் முதல் நாள் பேச்சே வேண்டாம், சீட்டு மட்டும் போதும். நாணயம், ராணுவம், வெளியுறவு, சுங்கம், வருமான வரி, உச்ச நீதிமன்றம், கல்வி, மொழி என எட்டுச் சீட்டு எழுதி அணிக்கு ஒரு கட்டுக் கொடுங்கள். ஒப்படைப்போம், பகிர்வோம், விடமாட்டோம் என்று மூன்று குவியலாகப் பிரிக்கட்டும். மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் படித்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஒரே நிபந்தனை: ‘சேரலாம்’ அணி மூன்றையாவது ஒப்படைக்க வேண்டும், ‘வேண்டாம்’ அணி ஒன்றையாவது பகிர வேண்டும். இது இல்லாவிட்டால் ஒரு அணி எதையும் கொடுக்காமல் எல்லாப் பலனையும் கேட்கும், மற்றது கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும்.

புரியாமல் விழிப்பவர்களுக்குக் கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரியைச் சொல்லுங்கள். அரை ஏக்கர்காரர் தனியாக இயந்திரம் போட முடியாது, உறுப்பினரானால் இலை போட இடமுண்டு. ஆனால் கிலோவுக்கு என்ன விலை என்பதைத் தன் வீட்டில் உட்கார்ந்து அவர் முடிவு செய்ய முடியாது. நீலகிரியில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. உவமை எங்கே உடைகிறது என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்: விவசாயி நாளைக்கே வேறு ஃபேக்டரிக்கு இலையைத் திருப்பலாம். பிரிட்டன் 2016 ஜூன் 23 அன்று வாக்களித்து, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தது 2020 ஜனவரி 31 அன்று.

நாற்பது பேர் வகுப்பென்றால் அணிக்கு 6 பேர், நடுவர் ஒருவர், நேரம் பார்க்க ஒருவர், மீதி 26 பேர் வாக்காளர்கள். மூன்று பாடவேளை ஒதுக்குங்கள். கடைசிப் பாடவேளை மட்டும் வேண்டாம், தூரத்து ஹட்டி (படுகர் ஊர்) பிள்ளைகளின் கண் பஸ் மேலேயே இருக்கும். தகரக் கூரை வகுப்பு என்றால் கூடலூர்ப் பக்கம் ஜூலையையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நவம்பரையும் தவிர்த்துவிடுங்கள். மழை பிடித்தால் மூன்றாவது பெஞ்சுக்கே குரல் எட்டாது.

ஆதாரத்துக்கு இரண்டு நாடு போதும், ஆழமாகப் பாருங்கள். சிங்கப்பூர் 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியாவில் சேர்ந்தது. கல்வியும் தொழிலாளர் துறையும் தன் கையில் வைத்துக்கொண்டது, அதற்கு ஈடாக நாடாளுமன்றத்தில் 15 இடம் மட்டும் பெற்றது. எதிர்பார்த்த பொதுச் சந்தை கைகூடவில்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிந்தாயிற்று. நார்வே 1972, 1994 இரண்டு முறையும் ஐரோப்பிய அமைப்பில் சேர மறுத்து வாக்களித்தது, மீன்பிடி உரிமை அதில் பெரிய பேச்சு. ஆனாலும் ஒன்றியச் சந்தையில் விற்க அந்தச் சந்தையின் விதிகளை ஏற்கிறது, விதியை வாக்களித்து முடிவு செய்யும் இடத்தில் அதற்கு நாற்காலி இல்லை. ‘வேண்டாம்’ அணி இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லையென்றால் அங்கேயே சரிந்துவிடும்.

இரண்டாம் நாள்: தொடக்க உரை அணிக்கு 4 நிமிடம், அடுத்த பேச்சாளருக்கு 4, குறுக்குக் கேள்வி மொத்தம் 12, மறுப்புரை அணிக்கு 3. கூட்டினால் 34. 45 நிமிடப் பாடவேளையில் மீதி 11 நிமிடம் கூச்சலுக்கும் தாமதத்துக்கும் போய்விடும். குறுக்குக் கேள்வியைச் சுருக்கவே கூடாது, உயிர் அதில்தான். கேள்வி சீட்டைத் தொட்டு வர வேண்டும்:

“நாணயத்தை ஒப்படைச்சிட்டீங்க. நம்ம ஊர்ல விலைவாசி ஏறினா வட்டியை யார் கூட்டுறது?”

“ஒன்றியத்து வங்கி.”

“அங்க நமக்கு எத்தனை ஓட்டு?”

இந்த இரண்டாவது கேள்வி வரும்வரை நடுவர் வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. இங்கே பல வகுப்புகளில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் உட்கார்ந்து பிரித்தன. அந்தப் பிள்ளை தானாகப் பேசினால் கேளுங்கள். “உங்க தாத்தா கதையைச் சொல்லு” என்று எழுப்பி நிறுத்தாதீர்கள்.

மூன்றாம் நாள் வாக்கு. கையைத் தூக்கச் சொன்னால் பக்கத்துக் கையைப் பார்த்துத்தான் தூக்குவார்கள். எனவே மடித்த சீட்டு. விவாதத்துக்கு முன்பும் ஒருமுறை வாக்கு எடுத்து வைத்திருந்தால் எத்தனை பேர் மாறினார்கள் என்று தெரியும், வெற்றி தோல்வியைவிட அதுதான் பேச வேண்டிய எண். வாக்குச் சீட்டின் வாசகத்தை இரு அணியும் முன்பே ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். சிங்கப்பூரின் 1962 வாக்கெடுப்பில் மூன்று தெரிவு இருந்தது, மூன்றுமே இணைவதற்குத்தான். வேண்டாம் என்பதற்குக் கட்டமே இல்லை, கால்வாசிச் சீட்டு வெறுமையாக விழுந்தது. இன்று கனடாவின் பகுதியான நியூஃபவுண்ட்லாந்தில் 1948இல் முதல் சுற்றில் கனடாவோடு இணைவது இரண்டாமிடம். மூன்றாமிடம் வந்த தெரிவை நீக்கிவிட்டு நடத்திய அடுத்த சுற்றில் 52.3 சதவீதத்தோடு அதுவே வென்றது.

வெல்ல எத்தனை வாக்கு என்பதையும் எண்ணுவதற்கு முன்பே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். பாதிக்கு மேல் என்றால் 14, மூன்றில் இரண்டு பங்கு என்றால் 18. 13க்கு 13 வந்தால் என்ன செய்வது என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள். எண்ணிய பிறகு எழுதினால் தோற்ற அணி விடாது.