மறந்துபோன சர்வரிலிருந்து தொடங்குங்கள்: நிறுவனக் கணினிகளைப் பாதுகாக்கும் வழிமுறை

ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பாதுகாக்க முற்படுபவருக்கு முதலில் வேண்டியது விலையுயர்ந்த மென்பொருள் அன்று, முழுமையான பட்டியல். நிர்வாகத்திடம் எழுத்துப்பூர்வமான அனுமதி பெற்று, என்மேப் என்னும் இலவசக் கருவியால் உள் நெட்வொர்க்கைச் சோதித்துப் பார்த்தால், யார் நினைவிலும் இல்லாத பழைய சர்வர் ஒன்று பெரும்பாலும் அகப்படும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரை எழுதுங்கள். யாரும் பொறுப்பேற்காததை, அதனால் எந்தப் பணியும் நடக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, துண்டித்துவிடுங்கள்.

அடுத்தது பாதுகாப்புப் புதுப்பிப்புகள். 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வானாக்ரை என்னும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் பயன்படுத்திக்கொண்ட விண்டோஸ் குறைபாட்டுக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்கள் கையில் இருந்தும் அதை நிறுவாத கணினிகளே பெருமளவில் வீழ்ந்தன. எனவே இணையத்தை நேரடியாக எதிர்கொள்ளும் சர்வர்களை முதலில் புதுப்பியுங்கள். புதுப்பிக்கவே இயலாத பழைய இயந்திரங்களைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி வையுங்கள். வெளியிலிருந்து, விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கான வாயிலான 445ஆம் போர்ட்டுக்கு வரும் இணைப்புகளை ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள்.

கணக்குகளிலும் மறதியே வாசலைத் திறந்து வைக்கிறது. 2021 மே மாதம் முடங்கிய அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைனுக்குள் தாக்குபவர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாத, கடவுச்சொல் மட்டுமே காவலாக இருந்த ஒரு விபிஎன் (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்கில் இணையும் வழி) கணக்கின் வழியாகத்தான். பணியாளர் விலகும் அன்றே அவருடைய கணக்கை முடக்குங்கள். எஞ்சிய எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைவிடச் செயலியில் தோன்றும் குறியீடு மேலானது. அதனினும் மேலானது பாதுகாப்புச் சாவி என்னும் சிறு கருவி, ஏனெனில் அது உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் போலித் தளத்தில் வேலை செய்யாது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது காப்புநகலைத்தான். தரவுக்கு மூன்று நகல்கள், இரண்டு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது பழகிய விதி. அவற்றில் ஒன்றேனும் நெட்வொர்க்கிலிருந்து முற்றிலும் விலகியிருக்க வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் தீநிரல் தாக்கியபோது, மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தில் பயனர் கணக்குகளையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இயங்கிவந்தும் அனைத்தும் ஒருசேர அழிந்தன; மின்தடையால் இணைப்பற்றுக் கிடந்த கானா அலுவலகத்தின் ஒன்று மட்டுமே பிழைத்து, மீட்சிக்கு அடிப்படையாயிற்று. இத்தகைய தற்செயலை நம்பியிருக்கலாகாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வெற்றுக் கணினி ஒன்றில் காப்புநகலை மீட்டெடுத்து, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். அந்த வேலையை வழக்கமாகச் செய்பவரல்லாத ஒருவர் வழிக்குறிப்பை மட்டும் பார்த்துச் செய்யட்டும், அப்போதுதான் குறிப்பில் விடுபட்டவை தெரியவரும்.

கணினிகளில் நடப்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவேடுகளை (லாக்) வாஸு போன்ற திறந்த மூலக் கருவியின் மூலம் தனிச் சர்வரில் திரட்டுங்கள். தாக்கப்பட்ட கணினியிலேயே இருப்பவை அழிக்கப்பட்டுவிடும். தாக்குதல் நடந்ததாக ஐயம் எழுந்தால் அக்கணினியை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவிடுங்கள், ஆனால் உடனே அணைத்துவிடாதீர்கள். நினைவகத்தில் உள்ள தடயங்கள் மின்சாரத்தோடு போய்விடும். அவ்வேளையில் அழைக்க வேண்டியவர்களின் தொலைபேசி எண்களை இன்றே காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள்.