கேட்ச் வரை வந்து சேராத 500

நான் எழுதிய ஒரு படிவம் இரண்டு நாள் முழுக்க "சேமித்தாயிற்று" என்றே காட்டிக்கொண்டிருந்தது. சர்வரோ ஒவ்வொரு முறையும் 500, அதாவது தன் பக்கம் பிழை என்று சொல்லும் ஸ்டேட்டஸ் எண்ணை, அனுப்பியிருக்கிறது. பலர் உட்கார்ந்து நிரப்பிய விவரங்கள் எதுவுமே பதிவாகவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான். ஜாவாஸ்கிரிப்ட்டில் சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச்சுக்குக் (fetch) கீழே, பிழையைப் பிடிக்கும் கேட்ச் (catch) போட்டிருந்தேன், பிழை எதுவானாலும் அங்கே வந்துவிடும் என்று நம்பினேன்.

வராது. ஃபெட்ச்சைப் பொறுத்தவரை 404 (கேட்டது இல்லை), 500 எல்லாமே பதில்தான். இணைப்பு அறுவது, கார்ஸ் (CORS, பிற தளத்தின் பதிலைப் படிக்க பிரவுசர் வைக்கும் கட்டுப்பாடு) தடுப்பது, கோரிக்கையை நாமே பாதியில் நிறுத்துவது போன்றவை நடந்தால்தான் ஃபெட்ச் தரும் ப்ராமிஸ் ரிஜெக்ட் ஆகி கேட்ச்சுக்குப் போகும். அதனால் பதில் கைக்கு வந்ததும், அதிலுள்ள ஜேசானைத் (JSON வடிவத் தரவு) தொடும் முன்பே, ரெஸ்பான்ஸ்.ஓகே (response.ok) என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஸ்டேட்டஸ் 200 முதல் 299 வரை இருந்தால் அது ட்ரூ. ஃபால்ஸ் என்றால் நீங்களே ஒரு எரரை த்ரோ செய்யுங்கள், அதற்குள் ஸ்டேட்டஸ் எண்ணையும் வையுங்கள். எண்ணோடு வரும் சொல் விளக்கமான ஸ்டேட்டஸ்டெக்ஸ்ட்டை (statusText) நம்ப வேண்டாம். பதில் எச்டிடிபி/2 (HTTP/2) வழியாக வந்தால் அது காலியாக இருக்கும்.

எண் எதற்கு என்றால், அடுத்து என்ன செய்வது என்பதே அதை வைத்துத்தான். 401 என்றால் மறுபடி லாகின் கேட்கலாம். 403க்கு அது உதவாது, அனுமதியே இல்லை. 429 வந்தால் கோரிக்கைகள் அளவு மீறிவிட்டன, கொஞ்சம் பொறுத்து அனுப்புங்கள். எவ்வளவு நேரம் என்று பதிலோடு வரும் ரீட்ரை-ஆஃப்டர் (Retry-After) ஹெட்டரில் இருக்கலாம். 400 என்றால் கோரிக்கையே தவறு, அதையே திரும்ப அனுப்பிப் பயனில்லை.

சரி, ஓகே ட்ரூ என்றால் நிம்மதியா? அதிலும் இரண்டு பள்ளங்கள். 204 வெற்றிதான், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது, ரெஸ்பான்ஸ்.ஜேசானை அழைத்தால் பிழை விழும். இன்னொன்று கண்டுபிடிக்கக் கஷ்டமானது. செஷன் முடிந்துவிட்டால் சில சர்வர்கள் 302 கொடுத்து லாகின் பக்கத்துக்குத் திருப்பும். ஃபெட்ச் சத்தமில்லாமல் அங்கே போய் 200 என்று திரும்பிவரும், கையில் எச்டிஎம்எல்லோடு. ஜேசான் பிழையில் "<" குறி தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். வழியில் திருப்பப்பட்டதா என்று சொல்லும் ரெஸ்பான்ஸ்.ரீடைரக்டட் (response.redirected), வந்தது எந்த வகை என்று சொல்லும் கன்டென்ட்-டைப் (Content-Type) ஹெட்டர், இரண்டையும் பார்த்தால் பிடித்துவிடலாம்.

ஸ்டேட்டஸ் 0 என்று வந்தால், ஃபெட்ச்சில் நோ-கார்ஸ் (no-cors) மோட் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த மோடில் பிற தளத்தின் பதிலை பிரவுசர் நமக்குக் காட்டாது.

அப்புறம், பிரவுசரிலேயே இருக்கும் டெவ்டூல்ஸின் (DevTools) நெட்வொர்க் டேபில் ஆஃப்லைன் வைத்து ஒரு முறை, சர்வரை வேண்டுமென்றே 500 அனுப்பவைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டிலுமே திரையில் "சேமித்தாயிற்று" வரக் கூடாது.