போக்கிமான் கோல்ட், சில்வர்: புது கேம் தொடங்கி மில்டேங்க்கைத் தாண்டும் வரை

போக்கிமான் வீடியோ கேம் வரிசையின் இரண்டாம் தலைமுறையை முதல்முறை ஆடுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். மூன்றாவது ஜிம்மில், அதாவது ஊர்த் தலைவரோடு மோதும் சண்டைக்கூடத்தில், மில்டேங்க் என்ற ரோஸ் நிற மாடு நிற்கும். உருண்டு வந்து மோதியே உங்கள் மொத்த அணியையும் படுக்க வைத்துவிடும். இந்தப் பதிவு அந்த மாட்டைத் தாண்டும் வரைக்கும்தான். அதற்கு அப்புறம் உங்களுக்கு என் உதவி தேவைப்படாது.

சின்ன அறிமுகம். கோல்ட், சில்வர் இரண்டும் 1999 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்தன, ஆடும் கருவி கேம் பாய் கலர். முதல் கேம்களின் கதை முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து, ஜோட்டோ என்ற புது நிலப்பகுதியில் கதை தொடங்குகிறது. பழைய 151 போக்கிமான்களோடு புதிதாக 100 சேர்ந்து மொத்தம் 251. இரண்டில் எதை எடுத்தாலும் கதை ஒன்றுதான். பிடிபடும் போக்கிமான்களில் சில மட்டும் மாறும். 2009-இல் டிஎஸ் கருவிக்காக ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் என்று மறுபடி செய்தார்கள். அங்கே சில லெவல்களும் விவரங்களும் வேறு. இங்கே எழுதுவது மூல கேமைப் பற்றி.

முதலில் பேட்டரி

பழைய கார்ட்ரிட்ஜில் ஆடப்போகிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள். உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. நீங்கள் சேவ் செய்ததையும் கேமின் கடிகாரத்தையும் அதுதான் காப்பாற்றுகிறது. கடிகாரம் எப்போதும் ஓடுவதால் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். நான் யாரோ ஆடி முடித்த கார்ட்ரிட்ஜை வாங்கி, பேட்டரியைப் பார்க்காமல் இரண்டு வாரம் ஆடினேன். ஒருநாள் திறந்தால் 'புது கேம்' மட்டும் இருந்தது. அதனால் முதல் நாளே ஐந்து நிமிடம் ஆடி, சேவ் செய்து, அணைத்துவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். சேவ் அப்படியே இருந்தால் தொடருங்கள்.

நேரத்தை உண்மையாகச் சொல்லுங்கள்

கேம் தொடங்கியதும் இப்போது மணி என்ன என்று கேட்கும். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து இன்று என்ன கிழமை என்றும் கேட்பார். இதில் விளையாடாதீர்கள், பின்னால் மாற்றுவது எளிதல்ல. காலை 4 முதல் 10 வரை காலை, 10 முதல் மாலை 6 வரை பகல், அதற்குப் பிறகு இரவு. ஹூட்ஹூட் என்ற போக்கிமான் இரவில்தான் வரும். பூச்சி பிடிக்கும் போட்டி செவ்வாய், வியாழன், சனி மட்டும். நீங்கள் எப்போதும் இரவில்தான் ஆடுவீர்கள் என்றால் பகலில் வருபவை பாதி கண்ணில் படாமலே போகும். எப்போதாவது ஒரு விடுமுறை நாளில் காலையில் திறந்து பாருங்கள்.

முதல் போக்கிமான்

பேராசிரியர் எல்ம் மூன்றைக் காட்டுவார். புல் வகை சிக்கோரிட்டா, நெருப்பு வகை சிண்டாக்வில், நீர் வகை டோட்டோடைல். புதியவருக்கு என் பதில் சிண்டாக்வில். முதல் ஜிம் பறவைகள், இரண்டாவது பூச்சிகள். இரண்டுமே புல்லை அடித்து நொறுக்கும் வகைகள். சிக்கோரிட்டா பார்க்க அழகு, பிடித்திருந்தால் எடுங்கள், ஆனால் தொடக்கம் கொஞ்சம் வலிக்கும். டோட்டோடைல் நடுவில் நிற்கும், குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதன் பிறகு ஓர் ஓட்டம். மிஸ்டர் போக்கிமான் வீட்டுக்குப் போய் ஒரு முட்டையை வாங்கி வர வேண்டும். வழியில் செர்ரிகுரோவ் ஊரில் நிற்கும் தாத்தாவோடு கொஞ்சம் நடங்கள், வரைபடம் தருவார். திரும்பி வரும்போது சிவப்பு முடிக்காரப் பையன் ஒருவன் மறிப்பான். அவனிடம் இருப்பது ஆய்வகத்திலிருந்து திருடியது, உங்களுடையதற்கு எதிரான வகை பார்த்து எடுத்தது. ஆய்வகத்துக்குப் போனால் போலீஸ்காரர் திருடனின் பெயர் என்ன என்று கேட்பார். நீங்கள் தட்டச்சு செய்வதுதான் கடைசி வரை அவன் பெயர். முட்டையைக் கொடுத்து முடித்ததும் உதவியாளர் போக்கிமானைப் பிடிக்கும் பந்துகள் (போக்கே பால்) ஐந்து கொடுப்பார்.

வெளியே கிளம்பும் முன் அம்மாவிடம் பேசினால், நீங்கள் ஜெயிக்கும் பணத்தில் ஒரு பங்கைச் சேமித்து வைக்கட்டுமா என்று கேட்பார். சரி என்று சொன்னால் அந்தப் பணத்தில் அவ்வப்போது அவரே எதையாவது வாங்கிவிட்டு போனில் சொல்வார். எனக்கு அது எரிச்சல், சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

ஒரு கல்லைப் பிடியுங்கள்

இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். முதலில் எதை எடுத்தீர்கள் என்று பலரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். முதல் மூன்று ஜிம்முக்கும் உதவப் போவது ஜியோடூட். கையிரண்டு முளைத்த ஒரு பாறாங்கல், அவ்வளவுதான். வயலெட் சிட்டிக்கு முன்னால் உள்ள இருட்டுக் குகையில் கிடைக்கும். உள்ளே வெளிச்சம் இருக்காது, வாசலைவிட்டு ரொம்பத் தள்ளிப் போக வேண்டாம். நாலைந்து அடி முன்னும் பின்னும் நடந்தாலே வந்துவிடும்.

முடிந்தால் பெயருக்குப் பக்கத்தில் பெண் குறி உள்ள ஜியோடூட்டாகப் பார்த்துப் பிடியுங்கள். காரணம் கடைசியில் வருகிறது.

பதினோராம் லெவலில் ஜியோடூட் ராக் த்ரோ என்ற கல்லெறியும் அடியைக் கற்கும். அதுவரை கையில் டேக்கிள் மட்டும்தான் உருப்படியான அடி, பொறுமை வேண்டும். வயலெட் சிட்டியில் இருக்கும் ஸ்ப்ரௌட் கோபுரத்துக்கு மட்டும் ஜியோடூட்டை முன்னால் அனுப்பாதீர்கள். அங்கே துறவிகள் வைத்திருப்பது பெல்ஸ்ப்ரௌட். புல் அடி ஜியோடூட்டுக்கு நாலு மடங்கு வலிக்கும். அங்கே சிண்டாக்வில்லையோ ஒரு பிட்ஜியையோ முன்னால் விடுங்கள். சிண்டாக்வில் பன்னிரண்டாம் லெவலில் எம்பர் என்ற நெருப்பு அடியைக் கற்றுவிட்டால் கோபுரம் வெறும் பயிற்சி மைதானம்தான்.

முதல் ஜிம்: ஃபால்க்னர்

ஜிம் தலைவர் ஃபால்க்னரிடம் லெவல் 7 பிட்ஜி, லெவல் 9 பிட்ஜியோட்டோ. பறவையின் அடி கல்லில் பாதிதான் இறங்கும். ஆனால் இரண்டுமே மட்-ஸ்லாப் என்ற சேறு வீசும் நகர்வை வைத்திருக்கின்றன. அது நில வகை, கல்லுக்கு இரண்டு மடங்கு. பெரிய அடி இல்லை, அதோடு வரும் தொல்லைதான் பெரிது. ஒவ்வொரு முறை பட்டதும் உங்கள் குறி கொஞ்சம் தவறும். மூன்று முறை பட்டால் உங்கள் ராக் த்ரோ காற்றில்தான் போகும். அப்போது வேறு போக்கிமானை மாற்றி அனுப்பிவிட்டு மறுபடி கல்லைக் கூப்பிட்டால் குறி பழையபடி சரியாகிவிடும்.

ஜெயித்ததும் ஃபால்க்னர் மட்-ஸ்லாப்பைக் கற்றுத்தரும் டிஎம் ஒன்று தருவார். இந்தத் தலைமுறையில் டிஎம் ஒருமுறைதான் பயன்படும். அதை ஜியோடூட்டுக்கே கொடுங்கள்.

இரண்டாவது ஜிம்: பக்ஸி

யூனியன் குகை வழியாக அசேலியா டவுன். ஜிம்முக்கு முன்னால் ஸ்லோபோக் கிணற்றில் டீம் ராக்கெட் ஆட்களை விரட்ட வேண்டியிருக்கும், வாலை வெட்டி விற்கிற கும்பல். பெரிய சிரமம் இல்லை.

பக்ஸியிடம் மெட்டபாட், கக்குனா, அப்புறம் லெவல் 16 சைத்தர். முதல் இரண்டும் தேமே என்று நிற்கும். சைத்தரின் ஃப்யூரி கட்டர் என்ற அடி தொடர்ந்து பட்டால் அதன் பலம் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். 10-இல் தொடங்கி 20, 40, 80, 160. இங்கே ஒன்றைக் கவனித்து வையுங்கள்: ஒருமுறை குறி தவறினால் கணக்கு மறுபடி பத்துக்கு வந்துவிடும். சைத்தருக்குப் பூச்சி, பறக்கும் என்று இரண்டு வகை, இரண்டுமே கல்லுக்குப் பயப்படும். ராக் த்ரோ நாலு மடங்கு இறங்கும். பெரும்பாலும் ஒரே அடி.

ஊரைவிட்டு மேற்கே போகும்போது சிவப்பு முடிக்காரன் மறுபடி வருவான். முன்னாலேயே போக்கிமான் சென்டரில் குணப்படுத்திக்கொண்டு கிளம்புங்கள். அடுத்த காட்டில் ஓடிப்போன ஃபார்ஃபெட்ச்டைச் சுற்றி வளைத்துக் கொடுத்தால் மரம் வெட்டும் கட் என்ற நகர்வு கிடைக்கும். அது இல்லாமல் காட்டைத் தாண்ட முடியாது.

கோல்டன்ராட்: மாடு

நகரத்துக்குள் நுழையும் முன், ரூட் 34-இல் ஒரு டிரௌசியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோல்டன்ராட் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஒருவர் டிரௌசிக்குப் பதில் மச்சாப் தருவார். மச்சாப் சண்டை வகை, மாடு சாதாரண வகை. பதின்மூன்றாம் லெவலில் கராத்தே சாப் வந்துவிடும். மாற்றி வாங்கிய போக்கிமான் அனுபவப் புள்ளியும் கூடுதலாகப் பெறும், அதனால் சீக்கிரம் வளரும்.

இங்கே ஜிம் தலைவி விட்னி. அவரது முதல் போக்கிமான் லெவல் 18 க்ளெஃபேரி. மெட்ரோனோம் போட்டால் எந்த நகர்வு வேண்டுமானாலும் வரும், அது உங்கள் அதிர்ஷ்டம். அடுத்து லெவல் 20 மில்டேங்க்.

அது உருண்டு மோதும் ரோல்அவுட்டின் பலம் 30-இல் தொடங்கும். பிறகு 60, 120, 240, ஐந்தாவது முறை 480. பக்ஸியிடம் பார்த்த அதே கணக்கு, மூன்று மடங்கு பெரிதாக. நீங்கள் அடித்து வைத்தால் பால் குடித்து உயிரில் பாதியை மீட்டுக்கொள்ளும். போதாததற்கு அட்ராக்ட் போட்டு மயக்கும். மயங்கியவர் பாதி நேரம் அடிக்கவே மாட்டார். மில்டேங்க் எப்போதும் பெண், எனவே ஆண் போக்கிமான்கள்தான் மயங்கும். நீங்கள் முதலில் எடுத்தது எட்டுக்கு ஏழு வாய்ப்பில் ஆண். பெண் ஜியோடூட் பிடிக்கச் சொன்னது இதற்குத்தான்.

கல்லை முன்னால் அனுப்புங்கள். ரோல்அவுட் அதற்குப் பாதிதான் இறங்கும், மிதிக்கும் ஸ்டாம்ப்பும் அப்படியே. அடிக்க அவசரப்படாமல் மட்-ஸ்லாப் மட்டும் போடுங்கள், மூன்று முறையாவது. மாட்டின் குறி தவறத் தொடங்கும். தவறினால் உருளும் கணக்கு 30-க்கு வந்துவிடும். ஃபால்க்னர் உங்களைப் படுத்திய அதே சேறு. அதற்குப் பிறகு மச்சாப்பை இறக்கி கராத்தே சாப். கடையில் மாற்றி வாங்கிய அந்த மச்சாப் பெண்தான், மயங்காது. வேறு ஆண் போக்கிமான் மயங்கிவிட்டால் கல்லோடு மாற்றிவிட்டுத் திரும்பக் கூப்பிடுங்கள், மயக்கம் தெளிந்திருக்கும். மாடு பால் குடிக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். அந்தச் சுற்றில் அது அடிக்கவில்லை என்று அர்த்தம்.

ஜெயித்தால் விட்னி உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிடுவார். பேசினாலும் ஜெயித்ததற்கான பேட்ஜ் வராது. கேம் கெட்டுவிட்டதோ என்று நான் முதல்முறை அணைத்துவிட்டு மறுபடி சண்டை போட்டேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வாசலை நோக்கி நடந்தால் வழியில் ஒரு பெண் நிறுத்திப் பேசுவாள். அப்புறம் திரும்பிப்போய் விட்னியிடம் பேசுங்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு பேட்ஜைத் தருவார். உடனே சேவ் செய்துவிட்டு பூக்கடைக்குப் போங்கள். தண்ணீர் பீச்சும் குப்பி ஒன்று தருவார்கள். ரூட் 36-இல் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த விசித்திர மரத்தின் மேல் அதைப் பீச்சிப் பாருங்கள்.